டைனமோ வேடத்தில் ஆல்டர்னேட்டர்

பழைய கார்களைத் தட்டி நிமிர்த்தி ஓட்டும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வெளியே ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருக்கும் எஞ்சின் சாமான்களைப் பற்றியவை. உரிமையாளர் தெரிந்தே போடுகிற வேடம் உண்டு. நமக்குத் தெரியாமல் நம் தலையில் கட்டப்படுகிற போலியும் உண்டு. இரண்டுக்கும் பதில் தருகிறோம்.

அப்பாரு வாங்குன 1967 அம்பாசடருங்க. ராத்திரி ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஓடுனா பேட்டரி இறங்கிப் போகுது. டைனமோ மாதிரியே உருவத்துல ஆல்டர்னேட்டர் இருக்குதாமா. பானட்டைத் தொறந்தா பழசாவே தெரியோணும். போடலாமுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

தாராளமாகப் போடலாம். இரண்டுமே எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் எடுத்து பேட்டரிக்குத் தருபவை; டைனமோ பழைய முறை, ஆல்டர்னேட்டர் புதியது. நீண்ட உருளை வடிவிலேயே, உள்ளே ஆல்டர்னேட்டர் வைத்த சாமான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் இருக்கிறது. பிரிட்டனின் லூகாஸ் நிறுவன சி40 வகை டைனமோ அதிகபட்சம் சுமார் 22 ஆம்பியர்தான் தரும். ஐடிலிங்கில் சார்ஜே ஏறாது. ஹெட்லைட் ஹைபீம் 10 ஆம்பியர், மின்விசிறி 10 ஆம்பியர் இழுத்தால் மீதிக்கு ஒன்றும் மிஞ்சாது. உங்கள் பேட்டரி இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

எதையும் கழற்றுமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் முடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். லூகாஸ் மின்னமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கான ஆல்டர்னேட்டரை அதில் இணைத்தால், அதனுள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் அந்த நொடியே எரியும். அதனால் முதலில் பேட்டரியைத் திருப்பி வையுங்கள். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களையும், அம்மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் இடம் மாற்றுங்கள்.

அடுத்து, டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டி. வேடத்துக்காக அதை அங்கேயே விடலாம், ஆனால் அது வேலை செய்யக் கூடாது. ஏ, ஏ1, எஃப், டி, இ என்று ஐந்து முனை இருக்கும். உள்ளே காயில்களின் இணைப்பை எடுத்துவிட்டு, ஏ-யையும் ஏ1-ஐயும் தடித்த கம்பியால் சேர்த்துவிடுங்கள். எஃப் வயர் இனி தேவையில்லை; இரு முனையிலும் டேப் சுற்றி ஒதுக்குங்கள். டி-யிலிருந்து வரும் சார்ஜ் விளக்கு வயர் ஆல்டர்னேட்டரின் சிறிய முனைக்குப் போக வேண்டும். பெரிய முனையிலிருந்து 6 சதுர மி.மீ. வயரை 50 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஸ்டார்ட்டர் சொலினாய்டின் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பேட்டரி பக்கத்துக்குக் கொண்டு போங்கள். பழைய மெல்லிய வயரையே நம்பினால் அது சூடாகி மற்ற வயர்களையும் உருக்கும். டேஷ்போர்டில் சார்ஜ் பல்பு பியூஸ் போயிருந்தால் இந்த வகை ஆல்டர்னேட்டர் பலவும் சார்ஜ் தொடங்காது. பழுது ஆல்டர்னேட்டரில் என்று கழற்றி அலைவார்கள். முதலில் பல்பைப் பாருங்கள்.

எல்லாம் பூட்டியபின் 2,000 ஆர்.பி.எம்.மில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். ஒடுக்கமான உடம்புக்குள் டயோடுகள் இருப்பதால் சூடு வெளியேற வழி குறைவு. பழசு போலத் தெரியட்டும் என்று முகப்புத் துளைகளைப் பெயிண்டால் அடைத்துவிடாதீர்கள்; சித்திரை வெயிலில் பல்லடம் ரோட்டு நெரிசலில் நிற்கும்போதுதான் அது பழி வாங்கும். கழற்றிய டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

அதே மாதிரி டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எலக்ட்ரானிக் மாடியூல் வைக்கலாமுங்களா?
– வாசகர், தாராபுரம்

வைக்கலாம். தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் சி.பி. பாயிண்டின் இடத்தில் அது உட்காரும். மூடியைப் போட்டுவிட்டால் வெளியே கூடுதலாக ஒரு வயர் மட்டும் தெரியும். அதையும் பழைய துணியுறை வயருக்குள் செலுத்திவிடலாம். காயிலின் பிரைமரி தடை சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். 1.5 ஓம் காயிலை நேரடியாகப் போட்டால் மாடியூல் வெந்து போகும். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டுப் போவதும் அதைக் கொல்லும். மாடியூல் போனால் வழியில் சரிசெய்ய முடியாது என்பதால் சி.பி. பாயிண்ட், கண்டன்சர், 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) மூன்றையும் டிக்கியில் வைத்திருங்கள். கால் மணி நேரத்தில் பழைய முறைக்கே திரும்பிவிடலாம்.

பத்மினியில் 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. (கார்ப்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும்) எஞ்சின் வைத்து, மேலே பழைய காலத்து டாப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி), உருண்டை ஏர் கிளீனர் எல்லாம் போட்டு மறைக்க ஆசை. கோவையில் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை, கவரை வார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். எப்படிச் செய்வது?
– வாசகர், கணபதி, கோவை

எஞ்சினின் சொந்த கவரைத் தூக்கி எறிந்துவிட்டு வார்ப்புக் கவரைப் பூட்டாதீர்கள். அந்தக் கவருக்குள் ஆயில் ஆவியைப் பிரிக்கும் தடுப்புத் தகடு, பிளக் குழிகளின் சீல் என்று பல வேலை இருக்கிறது. அவை இல்லையென்றால் ஆயில் நேராக இன்டேக்குக்குப் போய்ப் புகையும். அதன் மேல் ஒரு சட்டை மாதிரி வார்ப்பைப் போடுங்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 10 மி.மீ. இடைவெளியும், பின்பக்கம் காற்று வெளியேற வழியும் வேண்டும். பிளக் மேலேயே காயில் உட்காரும் எஞ்சின் என்றால் இந்த இடைவெளிதான் காயிலின் ஆயுள்.

அலுமினியத்தில் எல்.எம்.6 அல்லது எல்.எம்.25 என்ற கலவையைக் கேளுங்கள், மெல்லிய சுவரிலும் நன்றாக ஓடி நிரம்பும். அலுமினியம் ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 13 மி.மீ. சுருங்கும். 450 மி.மீ. நீளக் கவருக்கு மரப் பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி) 456 மி.மீ. இருக்க வேண்டும். பழைய கவரையே பேட்டர்னாக மணலில் அழுத்தி எடுத்தால் அளவு குறைந்துதான் வரும்; முதல் வார்ப்பு வீணாவது பெரும்பாலும் இதனால்தான். பக்கச் சுவருக்கு 2 டிகிரி சரிவு, கனம் 4 முதல் 5 மி.மீ., அடி விளிம்பில் மெஷின் செய்ய 2 முதல் 3 மி.மீ. கூடுதல் விடச் சொல்லுங்கள். 450 × 200 × 80 மி.மீ. அளவில் 2 கிலோவுக்குச் சற்று மேல் எடை வரும். அதை எஞ்சினின் பிளாஸ்டிக் கவர் மேல் தாங்கவிடாமல், சிலிண்டர் ஹெட்டில் காலியாக இருக்கும் போல்ட் துளைகளிலிருந்து கிளாம்ப் எடுத்துத் தாங்குங்கள். பழைய கவர்கள் பெரும்பாலும் தகட்டை அழுத்திச் செய்தவை, மேற்பரப்பு வழவழப்பு. மணல் தடம் தெரிந்தால் வேடம் கலைந்துவிடும். எமரி போட்டுத் தேய்த்தபின்தான் பெயிண்ட். அந்தக் காலத்து போல்ட் தலை, கிளிப், நிறம் எப்படி இருந்தன என்று நேரில் பார்க்க அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. ஒரு முறை போய்வாருங்கள்.

ஏர் கிளீனரில் கணக்கு போடாமல் இறங்கக் கூடாது. 1.3 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 3,300 லிட்டர் காற்று இழுக்கும். ஏர் கிளீனரின் மூக்கு 40 மி.மீ. விட்டம் என்றால் காற்று நொடிக்கு 44 மீட்டர் வேகத்தில் நெருக்கியடிக்க வேண்டும், 60 மி.மீ. என்றால் 20 மீட்டர் போதும். டப்பாவின் அடியில் கண்ணில் படாத இடத்தில் இரண்டாவது வாய் திறந்தால் மூக்கைப் பழைய அளவிலேயே விட்டுவிடலாம்.

பெட்ரோல் லைன்தான் உயிர் சம்பந்தப்பட்டது. கார்ப்பரேட்டருக்கு அரை பாரும் வேண்டாம். இன்ஜெக்‌ஷனுக்கு 3 முதல் 4 பார். பழைய ரப்பர் ஹோஸும் திருகு கிளிப்பும் அதைத் தாங்காது. எஃப்.ஐ. (பெட்ரோல் பீச்சும்) வண்டிக்கான, 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய இ20 பெட்ரோலையும் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும். அழகுக்காக அதைத் துணியில் சுற்றி மறைக்காதீர்கள். கசிவு கண்ணில் பட வேண்டும்.

பட்டறையில் வெட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி முன் அனுமதியில்லாமல் எஞ்சின் மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் ஒரு நம்பர், பிளாக்கில் வேறு நம்பர் என்றால் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸில் நீங்கள்தான் தவிப்பீர்கள். பழைய எஞ்சினின் நம்பரைப் புதிய பிளாக்கில் குத்திக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கம் மறுபடி போகாதீர்கள். அது வேடமே அல்ல, குற்றம்.

50 வருஷம் தாண்டிய காருக்கு வி.ஏ. நம்பர் வாங்க இந்த வேடமெல்லாம் இடைஞ்சலா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

வி.ஏ. என்பது விண்டேஜ் வாகனங்களுக்கான பதிவு வரிசை. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எஞ்சினையே மாற்றிய காருக்கு வழியில்லை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆல்டர்னேட்டர் போன்ற கழற்றிப் பூட்டும் சாமான் மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லி, அசல் சாமானையும் காட்டுங்கள்.

பிக் எண்ட் பேரிங் செட் புது பாக்கெட்டில் வந்தது, எஞ்சின் 800 கிலோமீட்டரில் தட்ட ஆரம்பித்துவிட்டது. பழசை மெருகேற்றி விற்றிருப்பார்களோ?
– வாசகர், ஈரோடு

இருக்கலாம். பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையில் உட்காரும் பேரிங் இது; அதன் அரைவட்டத் துண்டுதான் ஷெல். புதிய ஷெல்லின் இரு முனையும் கனெக்டிங் ராடின் துளையைவிடச் சற்று அகன்றிருக்கும். விரலால் அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார்ந்து, ராடைக் கவிழ்த்தாலும் விழாது. ஓடிய ஷெல்லில் இந்த விரிவு குறைந்து, தளர்ந்து விழும். முதுகைத் திருப்பிப் பாருங்கள்: அண்டர்சைஸ் எண் (தேய்த்துச் சிறிதாக்கிய கிராங்குக்கான அளவு), 010, 020 என்று, தெளிவாகக் குத்தியிருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த பளபளப்பு இருந்தால் எடுக்காதீர்கள். பூட்டுமுன் பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து டார்க் ரென்ச்சால் முடுக்கி இடைவெளி பாருங்கள்; அந்தக் காலத்து நாலு சிலிண்டர் எஞ்சினுக்குப் பொதுவாக 0.025 முதல் 0.06 மி.மீ. சரி. இதைச் செய்திருந்தால் 800 கிலோமீட்டர் ஓட்டித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது. ஆனால் கிராங்க் ஜர்னல் (பேரிங் உட்காரும் தண்டுப் பகுதி) முட்டை வடிவில் தேய்ந்திருந்தாலும் தட்டும். கடையைக் குறை சொல்லுமுன் மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளந்துவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக்கில் போலியைப் பிடிப்பது சுலபம். பெயரில் ‘ஆர்’ (உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்ற குறி) உள்ள பிளக் என்றால் மேல் முனைக்கும் நடு எலக்ட்ரோடுக்கும் இடையே மல்டிமீட்டர் சுமார் 5 கிலோ ஓம் காட்டும். பூஜ்யமோ முடிவிலியோ காட்டினால் ஒதுக்குங்கள். ஆயில் ஃபில்டரில் சந்தேகம் வந்தால், கழற்றிய பழையதை ஆக்சா பிளேடால் அறுத்துப் பாருங்கள்: மடிப்புகள் சீராக இருக்கிறதா, ரப்பர் வால்வு இருக்கிறதா, பைபாஸ் ஸ்பிரிங் இருக்கிறதா. பில் வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். போலி வணிகக் குறியோடு விற்பது 1999 வணிகக் குறிச் சட்டத்தின் 104ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்குரியது. பாக்கெட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்.

டம்மி டர்போ, பானட் மேல் டம்மி ஸ்கூப் (காற்று வாங்கும் வாய்) வைக்கலாமா?
– வாசகர், கரூர்

ஸ்கூப் ஒட்டலாம், டிரைவர் சீட்டிலிருந்து ரோடு மறையாத உயரத்தில். டம்மி டர்போவை பிளாஸ்டிக்கில் வாங்கி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்தில் வைக்காதீர்கள். உருகி ஒழுகித் தீப்பிடிக்கும்.