துட்டூடல்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அவர் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதுகிறார், நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறேன். ஒண்ணாம் தேதி வந்தால் ‘எவ்வளவு வந்தது, எவ்வளவு போச்சு’ என்று நான் கேட்பேன், சண்டை வரும். கொஞ்சம் லேசாக இருக்கட்டுமே என்று சண்டைக்கு நாங்களே பேர் வைக்க ஆரம்பித்தோம். ‘நிதிப்பூசல்’ என்றார், நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் என்னை ‘தண்டல்காரி’ என்று கூப்பிட்டார். முதல் தடவை நானும் சிரித்தேன். மூன்றாவது தடவை ரெண்டு நாள் பேசவில்லை. நான் தொட்டாச்சிணுங்கியா, இல்லை சொல்லில் கோளாறா?

ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லில்தான் கோளாறு. நம் பக்கத்தில் தண்டல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாயிரம் என்று பேசி, கையில் 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குகிற கணக்கு. நான் பையனாக இருந்தபோது சாயங்காலம் தெருமுனையில் டிவிஎஸ் 50 சத்தம் கேட்டதும் வாசலில் கிடக்கிற அம்மாவின் செருப்பை எடுத்து உள்ளே வைப்பது என் வேலை. செருப்பு இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். தண்டல்காரருக்கும் அது தெரியும், ஆனாலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்த ஆளின் பேரைக் கொண்டுவந்து, வீட்டுக் கணக்கு கேட்கிற பெண்டாட்டிக்கு வைத்தால் எப்படிச் சிரிப்பு வரும்? அதோடு அவர் பேர் வைத்தது சண்டைக்கு இல்லை, உங்களுக்கு.

சண்டைக்குப் பேர் வைப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். புலவி, ஊடல், துனி என்று கோபத்தின் சூட்டைப் பார்த்துப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். வள்ளுவர் கடைசி மூன்று அதிகாரத்தையும் இதற்கே கொடுத்தார். ஆனால் அங்கே தலைவன் தும்மினால் சண்டை வரும், ‘யாரை நினைத்துத் தும்மினீர்’ என்று. துட்டால் வராது. சங்கப் பாட்டிலும் தலைவன் பொருள் தேடக் காடு மலையெல்லாம் தாண்டிப் போவான், அவள் வளை கழல அழுவாள், எல்லாம் சரி, திரும்பி வந்தவனிடம் எவ்வளவு கொண்டுவந்தாய், வழியில் என்ன செலவு என்று அவள் கேட்டதாக நான் படித்ததில்லை. ஆக அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. துட்டு, ஊடல், இரண்டையும் சேர்த்தால் துட்டூடல். இலக்கணம்கூட இடிக்கவில்லை. துட்டு என்பதே டச்சுக்காரர்களின் ஒரு செம்புக்காசுப் பேரிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருந்தவர்கள்தானே, நமக்குப் பக்கம்தான்.

எங்கள் வீட்டில் ஓடுகிற ஒரு சொல்லைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், காசிமேட்டில் வஞ்சிரம் பக்கமே போக முடியாது. போனேன். கிலோ 1,300க்கு வாங்கிவிட்டு வீட்டில் 900 என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் துண்டுகளைக் கழுவி, மஞ்சள் தடவி, மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்துகொண்டே, “பரவால்லியே, அதே ஆள்கிட்ட இன்னும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க, தங்கச்சி கேட்டா, அவ துட்டு குடுத்துடுவா” என்றாள். வாங்கிவந்தேன். 800 ரூபாய் என் பையிலிருந்து போனது. ராத்திரி சாப்பிடும்போது, “கடைக்காரன் குடுக்காத தள்ளுபடி, வாசப்படி தாண்டும்போது விழுது பாருங்க” என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பேர் வாசப்படித் தள்ளுபடி.

அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அடுத்த மாதம் எம்.சி. ரோட்டில் எடுத்த சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே, “600, வாசப்படித் தள்ளுபடி போக” என்று அவளே சொன்னது. நான் நிஜ விலையைக் கேட்கவில்லை, கேட்டால் நானும் அயிரை வாங்கிய கணக்கெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுச் சொல்லும் இப்படி இரண்டு பேர் மேலும் மாறி மாறி உட்காருமா என்று பாருங்கள். ‘தண்டல்காரி’ உங்கள் மேல் மட்டும்தான் உட்காரும்.

நாக்கு வட்டி என்று இன்னொன்று உண்டு. என் தம்பிக்கு எப்போதோ கொடுத்துத் திரும்பாத 20,000, ஒவ்வொரு சண்டையிலும் குட்டி போட்டு வரும். இப்போது எவ்வளவு ஆகியிருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. சம்பளம் வரும்வரை பேசாமல் இருந்தால் பேச்சு அடகில் இருக்கிறது என்போம், ஒண்ணாம் தேதி மீட்பு.

ஒரு விஷயம் மட்டும். அவர் உங்களுக்குத் தெரியாமல் எங்கேயாவது கடன் வாங்கியிருந்து, அதை மறைக்கத்தான் இந்த வேடிக்கை என்றால், பேரெல்லாம் வைக்காதீர்கள். நோட்டை எடுத்து வைத்து உட்காருங்கள். அப்படி இல்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

இன்று சாயங்காலம் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். 501 எழுதுவதா 1,001 எழுதுவதா என்று காலையிலிருந்து முடிவாகவில்லை. கவரில் போட ஒற்றை ரூபாய் மட்டும் தேடி எடுத்து வைத்தாயிற்று. இதற்குப் பேர் மொய்யெரிச்சல். உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள், போகிறேன்.