உளவும் அறிவியல் புனைவும் கலந்த படங்கள் என்றால் என்ன?

ஒருவர் மறைத்து வைத்திருக்கும் தகவலை அவருக்குத் தெரியாமல் எடுப்பதுதான் உளவாளியின் வேலை. இன்று நடைமுறையில் இல்லாத ஓர் அறிவியலை வைத்து அந்த வேலையைச் செய்தால், அது இந்த வகைப் படம்.

இரண்டும் ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கின்றன? பூட்டு மாறினால் திருடனும் புது வித்தை கற்றாக வேண்டும், அதே கதைதான். 2010-ல் வந்த 'இன்செப்ஷன்' படத்தில் ரகசியம் இருப்பது ஒரு மனிதரின் கனவுக்குள். திருட வருபவர்களும் தூங்கித்தான் உள்ளே போகிறார்கள். அங்கே உடைக்க ஒரு பெட்டகம்கூட இருக்கிறது! 'டெனெட்' (2020) இன்னும் ஒரு படி மேலே. அதில் சுவரில் பதிந்த தோட்டா துப்பாக்கிக்கே திரும்பி வருகிறது.

இயக்குநருக்கு இன்னொரு வசதியும் உண்டு. உளவாளிக்குப் பணியை விளக்கும் சாக்கில் அந்த உலகத்தின் விதிகளை நமக்கும் சொல்லிவிடலாம். (டெனெட்டில் சொல்லியும் பலருக்குத் தலை சுற்றியது, அது வேறு விஷயம்.)

அப்புறம், லேசர் கைக்கடிகாரம் வந்தாலே அறிவியல் புனைவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கருவியை எடுத்துவிட்டாலும் கதை நகரும் என்றால் அது வெறும் உளவுப் படம்தான்.