காரைக்குடியில் வழிகாட்டியோடு சாப்பிடப் போகலாமா?

கேள்வி: அப்பா, அம்மா, சின்ன மகளுடன் கோவையிலிருந்து இரண்டு நாள் காரைக்குடி போகிறோம். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கடை கடையாகக் கூட்டிப்போய்ச் சாப்பிடவைக்கும் நடைச் சுற்றுலா இருக்கிறதாம். “தமிழ் தெரிந்த நமக்கு வழிகாட்டி எதற்கு?” என்கிறார் அப்பா. போகலாமா?

பதில்: கூட்டிப்போகும் இடங்களில் ஒரு வீடாவது உண்டா என்று முதலில் கேளுங்கள். கடைகள் மட்டும்தான் என்றால் அப்பா சொல்வதே சரி. செட்டிநாட்டுச் சமையல் தெருவில் வளர்ந்ததல்ல. கல்யாணப் பந்தியிலும் வீட்டின் பின்கட்டிலும் வளர்ந்தது.

வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவிப்பார்கள், அதுதான் அளவு. ஊறவைத்து நைசாக ஆட்டி, கரண்டி கரண்டியாக எண்ணெயில் ஊற்றி எடுக்க வேண்டும். சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே மிளகாய்த் துவையலோடு சாப்பிட்டால்தான் அதன் அருமை தெரியும், ஆறிவிட்டால் தொய்ந்துபோகும். காலையில் சுட்டு அடுக்கிவைத்ததை மாலையில் தின்றுவிட்டு, “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சமைக்கத் தெரிந்த ஒரு ஆச்சியின் அடுப்படியில் உங்களை உட்காரவைக்கும் வழிகாட்டிக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். அந்த வாசலை நாமாகத் தட்ட முடியாது.

தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை போன்றவை நாள்பட இருக்கும். அவற்றை நீங்களே பலகாரக் கடையில் எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம். மசாலாச் சீயத்துக்கு மாலை நேரம், கூட்டம் உள்ள கடை, கொதிக்கும் சட்டி இருந்தால் போதும்.

பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுச் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? மதிய வெயிலில் பெரியவர்களை நடக்கவைக்காதீர்கள். வீட்டில் யாராவது சைவம் என்றால், எண்ணெய்ச் சட்டி தனியா என்பதையும் கேளுங்கள். மகளுக்குக் காரம் ஆகாதே என்ற கவலை வேண்டாம். பால் பணியாரமும் கந்தரப்பமும் இருக்கின்றன.

வீடு இல்லாத சுற்றுலாதான் கிடைக்கிறது என்றால், அந்தப் பணத்தில் ஒரு மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். காரைக்குடியிலும் பக்கத்து ஊரான கானாடுகாத்தானிலும் விடுதியாக மாறிய பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகள் உள்ளன. சிலவற்றில், தங்காதவர்களுக்கும் சொல்லிவைத்தால் இலைபோட்டுப் பரிமாறுகிறார்கள். கறுப்பரிசியில் செய்யும் கவுனி அரிசி இனிப்பு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அதை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும்.