செ.மீ.யில் அளந்த தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்?

கேள்வி: தண்ணீர்த் தொட்டியை டேப் வைத்து அளந்தேன். நீளம் 120, அகலம் 80, உயரம் 75 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 7,20,000. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே என்று 100-ஆல் வகுத்தேன். 7,200 கன மீட்டர் என்று வருகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது? தொட்டி நிரம்பினால் எடை எவ்வளவு இருக்கும்? ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பெருக்கியது சரி, வகுத்ததில்தான் இடிக்கிறது. 7,200 கன மீட்டர் என்றால் 72 லட்சம் லிட்டர்! 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள ஒலிம்பிக் நீச்சல் குளத்திலேயே 2,500 கன மீட்டர்தான் பிடிக்கும்.

100-ஆல் வகுப்பது நீளத்துக்கு மட்டும். பரப்பில் நீளம், அகலம் இரண்டையும் மாற்ற வேண்டியிருப்பதால் ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர செ.மீ. உயரமும் சேர்ந்துகொண்டால் ஒரு கன மீட்டருக்கு 10 லட்சம் கன செ.மீ. அப்படிப் பார்த்தால் உங்கள் தொட்டி 0.72 கன மீட்டர். ஆனால் வீட்டுக் கணக்குக்குக் கன மீட்டர் பக்கமே போக வேண்டாம் என்பேன். வண்டி என்ஜினுக்குச் சொல்கிறோமே சி.சி., அது கன சென்டிமீட்டர்தான். ஒரு சி.சி.யும் ஒரு மில்லிலிட்டரும் ஒன்றே. ஆகவே செ.மீ.யில் அளந்து, பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் நேரே லிட்டர் வந்துவிடும்: 720.

அந்த 720-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டேப்பை வெளியே பிடித்தீர்களா, உள்ளே பிடித்தீர்களா? சுவரும் அடித்தளமும் 5 செ.மீ. தடிமன் என்று வையுங்கள். நீளத்தில் இரண்டு சுவருக்குமாக 10 கழியும், அகலத்திலும் 10, உயரத்தில் அடியில் 5. உள்ளளவு 110, 70, 70. அதாவது 539 லிட்டர். ஓவர்ஃப்ளோ குழாய் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே இருந்தால் தண்ணீர் அதைத் தாண்டி ஏறாது. கையில் நிற்பது 462 லிட்டர்தான். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் இவ்வளவு அடிபடாது. எதுவானாலும் உள்ளளவை எடுப்பதே நல்லது.

உள்ளளவு தெரிந்துவிட்டால் இன்னொரு வசதியும் உண்டு. 110-ஐ 70-ஆல் பெருக்கினால் 7,700. ஆக ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 7.7 லிட்டர். குச்சியை உள்ளே விட்டுப் பாருங்கள். 40 செ.மீ. நனைந்திருந்தால் மிச்சம் இருப்பது 308 லிட்டர்.

எடைக்கு வருவோம். 462 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 462 கிலோ. தொட்டியின் சொந்த எடையை இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். லிட்டரும் கிலோவும் இப்படிப் பொருந்துவது தற்செயல் அல்ல. 1795-இல் பிரான்சில் மெட்ரிக் சட்டம் வந்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தூய நீரின் எடையைத்தான் கிராம் என்று வைத்தார்கள். கிலோகிராமின் வரையறை 2019-இல் பிளாங்க் மாறிலி என்ற, இயற்பியலில் என்றும் மாறாத ஓர் எண்ணுக்கு மாறிவிட்டது, ஆனாலும் பழைய பொருத்தம் கெடவில்லை. வெயில் காலத்துத் தண்ணீரில் லிட்டருக்கு நான்கைந்து கிராம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பொருத்தம் தண்ணீருக்குத்தான். சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 920 கிராம். பெட்ரோல் முக்கால் கிலோ அளவுக்கு நிற்கும். தேனோ 1,400 கிராமைத் தொடும். மாவு இன்னும் மோசம்: சலித்துப் போட்டால் ஓர் எடை, அமுக்கிப் போட்டால் வேறோர் எடை. மாவைத் தராசில் வைப்பதே சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே குழப்பம் மருந்தில் வந்தால் ஆபத்து. குழந்தைக்கான சிரப் பாட்டிலில் ‘5 மி.லி.யில் 125 மி.கி.’ என்று இருக்கிறது என்று வையுங்கள். மி.லி. நீங்கள் ஊற்றும் திரவத்தின் அளவு, மி.கி. அதற்குள் இருக்கும் மருந்தின் எடை. மருத்துவர் ஒரு வேளைக்கு 250 மி.கி. என்று எழுதியிருந்தால் ஊற்ற வேண்டியது 10 மி.லி., 250 மி.லி. அல்ல. மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அது மி.கி.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீட்டில் இருப்பது எந்த அலகு என்று புரியாவிட்டால், மருந்துக் கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேட்ட பிறகே பாட்டிலைத் திறங்கள். ஊற்றுவதற்கும் சமையல் கரண்டி வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியையே எடுங்கள்.