பகலில் தெரிகிற கேமரா இரவில் அணைவது ஏன்?

வாசகர் கேள்வி–பதில்: வீட்டுக் கண்காணிப்புக் கேமரா

கேள்வி: புது வீடு, பூச்சு வேலை இன்னும் முடியவில்லை. நாலு கேமரா போடப் போகிறோம். டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியோடு வரும் பழைய வகை போதுமா, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமராவா? 5 மெகாபிக்சல் கட்டாயமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பூச்சு முடியவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஐபிதான். ஒவ்வொரு கேமரா இடத்துக்கும் தனித்தனி கேட்-6 (Cat-6) நெட்வொர்க் கேபிளைப் பைப்புக்குள் இழுத்துவிடுங்கள். பிஓஇ சுவிட்ச் என்ற இணைப்புப் பெட்டி இருந்தால் அதே கேபிளில் மின்சாரமும் போகும், 100 மீட்டர் வரை தாங்கும்.

மெகாபிக்சலுக்கு முன்னால் லென்ஸைக் கேளுங்கள். அறிமுகமில்லாத ஆளை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறையின் கணக்கு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். ஆக ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டினால் ஆள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது. அகலமாகக் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸில் அந்த எல்லை கேமராவிலிருந்து சுமார் 10 அடி தூரத்திலேயே வந்துவிடும். குறுகலாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸில் 25 அடி வரை நீளும். போர்டிகோவுக்கு 2.8, கேட்டுக்கு 6 என்று பிரித்து வாங்கினால் 2 மெகாபிக்சலே போதும். மாட்டும் உயரம் 8, 9 அடி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால் திருடனின் உச்சந்தலைதான் பதிவாகும்.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பின்பக்கக் கேமரா பகலில் நன்றாகத் தெரிகிறது. இருட்டியதும் விட்டுவிட்டு அணைகிறது. கேமராவை மாற்றியும் அப்படியே இருக்கிறது.
– வாசகி, தேனி

பதில்: கேமரா மேல் தப்பில்லை, மின்சாரம் போய்ச் சேரவில்லை. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் பகலில் 0.2 ஆம்பியர் இழுத்த கேமரா 0.4 இழுக்கும். மூன்று கம்பியோடு படத்துக்கான ஒரு கம்பியும் சேர்ந்த 3+1 கேபிளில் மின்சாரம் போகும் கம்பி மெல்லியது. 40 மீட்டர் ஓட்டத்தில் போகவர 80 மீட்டர், தடை ஏறக்குறைய 7 ஓம். பகலில் 1.4 வோல்ட் இழப்பு, இரவில் 2.8. அங்கே கிளம்பிய 12 வோல்ட் கேமராவில் 9.2 ஆகத்தான் இறங்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் மோசம். கேமரா அணைந்ததும் சுமை குறைந்து வோல்ட் ஏறும், உயிர் வரும், விளக்கு எரியும், மறுபடி அணையும். பக்கத்தில் நின்றால் உள்ளே இரவுக்கும் பகலுக்கும் ஏற்ப ஒளி வடிகட்டி மாறும் 'டிக்' சத்தம்கூடக் கேட்கும்.

இரவில், கேமரா ஓடும்போதே அதன் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் கேமராவுக்கு அருகில் ஒரு பிவிசி பெட்டிக்குள் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் தனியாகக் கொடுங்கள். படத்துக்கான கம்பி பழையபடியே இருக்கட்டும். அருகில் பிளக் இல்லையென்றால், கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் உள்ள சின்னத் திருகை எலக்ட்ரீஷியனை வைத்து 13 வோல்ட் வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அணையாமல் வெறுமனே வெள்ளைப் புகையாகத் தெரிந்தால் அது வேறு கதை: கண்ணாடியில் சிலந்தி வலை, அல்லது பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். காய்ந்த துணியால் துடைத்து, சுவர் படத்துக்குள் வராதபடி திருப்புங்கள்.

கேள்வி: 1 டிபி ஹார்டு டிஸ்க் எத்தனை நாளுக்கு வரும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: படத்தைச் சுருக்கும் எச்.265 முறையில் ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி, ஆக 1 டிபி (1000 ஜிபி) 11 நாள் வரும். ஊருக்குப் போனால் இரண்டு வாரம் ஆகும் குடும்பம் என்றால் 2 டிபி வாங்குங்கள். கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம், கண்காணிப்புக்கென்றே வருவதைக் கேளுங்கள். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்க அதுதான் தோது.

கேள்வி: மாட்டியவரே ஃபோனில் ஆப்பும் போட்டுத் தந்துவிட்டார். இனி ஏதாவது பார்க்க வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் மாட்டியவரின் கணக்கில் ஏற்றி, வீட்டுக்காரருக்குப் 'பகிர்ந்து' கொடுத்திருப்பார். உங்கள் படுக்கையறை வராந்தா அவர் ஃபோனிலும் ஓடும். அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் எண்ணில் புதிதாகச் சேருங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் நீங்களே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டே மாறாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கியது. வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் (இணைய வழி) திறந்து வைத்திருந்தால் அதையும் மூடச் சொல்லுங்கள்.

டிவிஆர் கடிகாரத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். திருட்டு நடந்து போலீஸ் கேட்கும்போது பத்து நிமிடம் தள்ளி ஓடுகிற கடிகாரம் வீண் கேள்விகளைக் கிளப்பும்.