வாகனம் – வாசகர் கேள்வி பதில்: துருவேறிய மஸ்டாங்கும் வீட்டு கராஜும்

கேள்வி: வடக்கு மிச்சிகனில் ஒரு கொட்டகையில் பல்லாண்டுகள் கிடந்த 1967ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்திறங்கும் வடிவம்) ஒன்றை 390 கன அங்குல வி8 எஞ்சினோடு வாங்கியிருக்கிறேன். முன்பக்கத் தரைத் தகடு இருபுறமும் ஓட்டையாகிவிட்டது. பின் சக்கர வளைவுகளின் கீழ்ப்பகுதியும் அரித்திருக்கிறது. மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மின் வெல்டிங்) ஓரளவு பழகியிருக்கிறேன். புதிய தரைத் தகடுகளை வாங்கி வைத்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், டிராய், மிச்சிகன்

பதில்: வாங்கிய தகடுகளை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தரைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் பகுதியில் குளிர்காலச் சாலைகளில் கொட்டப்படும் உப்பு அடியிலிருந்து அரிப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கால மஸ்டாங்கில் முன்பக்கத் தரை பெரும்பாலும் மேலிருந்துதான் கெடுகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே வருவதற்கான துளைகளோடு தெரியும் கௌல் என்ற பகுதி, இரண்டு தகடுகளைப் புள்ளி புள்ளியாக உருக்கி இணைக்கும் ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டிச் செய்த மூடிய பெட்டியாகும். அதற்குள் இருபுறமும் காற்று இறங்கும் வாய்களைச் சுற்றித் தொப்பியின் விளிம்பைப் போல உயர்ந்த வளையங்கள் இருக்கின்றன. மழைநீர் அவற்றைத் தாண்டாமல் ஓரங்களில் வடிந்துபோக வேண்டும் என்பதே ஏற்பாடு. உள்ளே பெயின்ட் சரியாகச் சென்று சேராததாலும், விழுந்த இலைகள் மட்கி ஈரத்தைத் தேக்கி வைப்பதாலும், அந்த வளையங்களின் அடி அரித்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு மழையும் உள்ளே இறங்கித் தரை விரிப்புக்கு அடியில் தங்கிவிடுகிறது. விரிப்பையும் அடிப்பஞ்சையும் எடுத்துவிட்டு, கௌல் துளைகளில் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டு, ஒருவரை உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் விளக்கோடு பார்க்கச் சொல்லுங்கள். சொட்டினால், கௌலைச் சரிசெய்யாமல் தரையை மாற்றுவது வீண் வேலை.

கௌலைச் சரிசெய்வது எளிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பானட், ஃபெண்டர்கள் (முன் சக்கரங்களுக்கு மேலுள்ள வெளித்தகடுகள்), முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை அதற்கான கட்டரால் ஒவ்வொன்றாக எடுத்த பிறகே உள்ளே என்ன மிச்சம் என்று தெரியும். ஓட்டையை மேலிருந்து சீலன்ட் ஊற்றி அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது அடுத்து வாங்குபவரை ஏமாற்றும் வழியேயன்றிச் சரிசெய்வது ஆகாது.

அடுத்ததாக, இந்த வண்டிக்குத் தனியான சேஸிஸ் கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே காலத்துச் செவ்ரோலே செவலே காரில் பாடியை நட்டு கழற்றிச் சட்டத்திலிருந்து தூக்கிவிடலாம். மஸ்டாங்கிலோ தரைத் தகடு, ராக்கர் பேனல்கள் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிகள்), முன் சட்டங்கள், அவற்றை ராக்கரோடு இணைக்கும் டார்க் பாக்ஸ்கள் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரைக்கு அடியிலுள்ள சட்டங்களையும் டார்க் பாக்ஸ்களையும் உட்புற ராக்கரையும் அழுத்திக் குத்திப் பாருங்கள். அங்கே உள்ளே இறங்கினால், வேலையின் வரிசையே மாறிவிடும்: முதலில் சட்டம், பிறகு ராக்கர், அதன் பிறகே தரை. டிக்கியையும் விட்டுவிடாதீர்கள்; இந்த மாடலில் பெட்ரோல் டேங்கின் மேற்புறமே டிக்கியின் தரையாக இருப்பதால், அதைச் சுற்றியுள்ள விளிம்புத் தகடு கெட்டிருப்பது சாதாரணம். வெல்டிங் தொடங்குமுன் எப்படியும் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கும், அப்போதே பார்த்துவிடலாம்.

வெட்டுவதற்கு முன் இரு கதவு வாய்களிலும் சதுரக் குழாய்களைக் குறுக்காக வெல்டிங் செய்து விறைப்பாக்குங்கள். வண்டியைச் சமமட்டத்தில் தாங்கி, கதவு இடைவெளிகளையும் மூலைவிட்ட அளவுகளையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிக்கப்பட்ட ஃபாஸ்ட்பேக் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எத்தனை புதிய தகடு போட்டாலும் கதவு சரியாகச் சாத்தாது.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தடிமன் கொண்டது என்பதால் 0.6 மி.மீ. கம்பியும், 75 சதவீதம் ஆர்கானும் 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவும் பொருத்தமானவை. தொடர்ச்சியாக ஓட்டாமல், தொலைவில் தொலைவில் புள்ளிகளாக வைத்து, தகடு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின் இடையே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். பின் சக்கர வளைவு போன்ற வெளித்தகடுகளில் பொறுமை குறைந்தால் தகடு அலையாய் நெளிந்து, பட்டி பூசித்தான் மறைக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் மேல் தகட்டில் 8 மி.மீ. துளையிட்டு, அதை வெல்டிங்கால் நிரப்பினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகக்கூடும். அந்த டப்பாவை கராஜிலேயே வைக்காதீர்கள். மற்றொன்று சட்டரீதியானது: 1967 மஸ்டாங்கின் வரிசை எண் இடது முன் ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் ஏப்ரான் தகட்டின் மேல்விளிம்பில் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகடு கெட்டுவிட்டதென்று வெட்டி எறிந்துவிட்டால், வண்டியின் அடையாளமும் போய்விடும். எண்ணைத் தெரிந்தே அகற்றுவதோ மாற்றுவதோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எண்ணுள்ள பகுதியை அப்படியே விட்டு மற்றதைச் சரிசெய்யுங்கள். அதைப் பார்க்கும்போது ஐந்தாம் இடத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் 390 எஞ்சின் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது என்று பொருள்.

கேள்வி: துருவை மாற்றும் திரவங்கள் கடைகளில் கிடைக்கும்போது தகட்டை வெட்டுவது எதற்கு? அல்லது மணல் வீசித் துருவை முழுவதும் எடுத்துவிடக் கூடாதா?
– ஒரு வாசகர், கிளீவ்லாண்ட், ஒஹாயோ

பதில்: பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கொண்ட அந்தத் திரவங்கள் மேலோட்டமான துருவை நிலையான சேர்மமாக மாற்றுகின்றன, அரித்துப்போன இரும்பைத் திருப்பித் தருவதில்லை. செதில் செதிலாக உரியும் துருவுக்கு அடியிலோ, இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்த இணைப்புக்குள்ளோ அவை சென்று சேர்வதுமில்லை. அத்தகைய இணைப்புகளில் துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடித்துத் தகடுகளைப் பிளக்கிறது. வலுவான தகட்டில் படிந்த மெல்லிய துருவுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

மணல் வீசுவது அடிப்பாகத்துக்கும் சட்டங்களுக்கும் நல்லது. பானட், கூரை, கதவு ஆகிய அகன்ற தகடுகளில் அழுத்தத்தோடு வீசினால், தகடு நீண்டு உப்பி மீண்டும் ஒழுங்குக்கு வராது. அவற்றைப் பெயின்ட் அகற்றும் வட்டுகளாலோ ரசாயனத்தாலோ சுத்தம் செய்வதே மேல். ஆற்று மணலோ கடல் மணலோ வேண்டவே வேண்டாம். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட் என்ற கனிமத் தூள், நொறுக்கிய கண்ணாடி போன்றவை கிடைக்கின்றன. பழைய பெயின்டிலும், கூரையும் பின் தகடும் சேரும் இடத்தின் நிரப்பலிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் அங்கே உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

கேள்வி: பாடி வேலை முடிந்துவிட்டது. பெயின்டையும் வீட்டிலேயே அடிக்கலாமா?
– ஒரு வாசகி, டொரான்டோ

பதில்: பிரைமர் வரை தாராளமாகச் செய்யலாம், மேல்பூச்சை மட்டும் பெயின்ட் பூத் (பெயின்ட் தெளிப்பதற்கான அடைத்த அறை) உள்ள கடைக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து. கடினமாக்கி கலந்த இன்றைய யூரித்தேன் பெயின்டுகளில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும், அதற்கு வெளியிலிருந்து காற்று தரும் முகமூடியே பாதுகாப்பு. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் கராஜில் அதைத் தெளிப்பது முறையும் ஆகாது. வெறும் இரும்பின்மேல் முதலில் எபாக்ஸி பிரைமரை அடித்து, அதன்மேல் பட்டி பூசுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வண்டியை வெறும் பிரைமரோடு மழையில் நிறுத்திவைக்கக் கூடாது. பெயின்ட் முடிந்து வந்தபின் ராக்கருக்குள்ளும் கதவின் அடியிலும் நீண்ட குழாயுள்ள தெளிப்பானால் மெழுகு அடியுங்கள். அடிக்குமுன் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.