நாய்க்குட்டிக்கு இரண்டு ஸ்பூன் பிராந்தி

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு இரண்டு மாதம், எடை இரண்டு கிலோ. போன வாரம் தும்மிக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் இருந்தது. என் அப்பா இரண்டு ஸ்பூன் பிராந்தியை வெந்நீரில் கலந்து புகட்டினார். அவர் காலத்தில் கைக்குழந்தைக்கே கொடுப்பார்களாம். குட்டி தள்ளாடிப் போய்ப் படுத்தது, மறுநாள் நண்பகல்வரை எழவில்லை. இப்போது ஓடியாடுகிறது. கல்லீரல் கெட்டிருக்குமா? மூளை வளர்ச்சி பாதிக்குமா? குடி பழகிவிடுமா? வெறி பிடிக்குமா? என் தம்பி தன் லாப்ரடாருக்கு ஞாயிறுதோறும் பீர் ஊற்றுகிறான், அது நன்றாகத்தானே இருக்கிறது? வோட்கா கொடுத்து நாயைப் பிழைக்க வைத்ததாக ஒரு வீடியோவும் பார்த்தேன். அன்று இரவு அது தூங்குகிறது என்று நினைத்து நானும் தூங்கிவிட்டேன். காலையில் தொட்டபோது சில்லென்று இருந்தது.

பதில்: அந்தக் கடைசி வரிக்கு முதலில் வருகிறேன். அன்று இரவு உங்கள் குட்டி தூங்கவில்லை அம்மா, நினைவு தப்பிக் கிடந்தது. பிழைத்தது அதன் நல்லகாலம். உங்களை நோகடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மதுவால் நாய்கள் செத்துப்போகும் வீடுகளில் பெரும்பாலும் யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ‘தூங்கட்டும், தெளிந்தால் எழுந்துவிடும்’ என்று அவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புதான் உயிரை எடுக்கிறது.

குளிருக்குப் பிராந்தி சூடு தரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். குடித்தவுடன் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, மேனி கதகதப்பாகிறது. அந்தக் கதகதப்பு உடலுக்குள்ளிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கும் சூடு. நாய்க்குட்டி நடுங்குவது சூட்டை உண்டாக்கத்தான். மது அந்த நடுக்கத்தையும் நிறுத்திவிடும். நடுக்கம் நின்றதைப் பார்த்து நாம் குணமாகிவிட்டது என்று போர்த்திவிட்டுப் போகிறோம், உள்ளே உடல் குளிர்ந்துகொண்டே போகிறது. நீலகிரியின் மார்கழி இரவில் இரண்டு கிலோ உயிருக்கு இது போதும்.

இன்னொன்று சர்க்கரை. உணவு இல்லாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பது கல்லீரல். மது உள்ளே போனால் அந்த வேலை முடங்குகிறது. வளர்ந்த நாயிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். குட்டியிடம் இருக்காது. இரவெல்லாம் பாலும் சோறும் இல்லாமல் கிடந்தால் சர்க்கரை இறங்கி வலிப்புகூட வரலாம். கைக்குழந்தைகளுக்குப் பிராந்தி கொடுத்தபோதும் இதேதான் நடந்தது. பிழைத்த குழந்தைகள் மட்டும்தான் வளர்ந்து அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள். இரண்டு ஸ்பூன் என்பது 10 மி.லி. குட்டியின் எடை 2 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் 300 மி.லி. பிராந்தியை ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம் இது. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். நாயின் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 5.5 முதல் 8 கிராம் ஆல்கஹால் உயிரை எடுக்கும் அளவு என்று நச்சியல் நூல்கள் சொல்கின்றன. உங்கள் குட்டிக்கு அது சுமார் 33 மி.லி. பிராந்தி, ஒரு சின்ன பெக்கைவிடக் கொஞ்சம் கூடுதல். அதில் மூன்றில் ஒரு பங்கு அன்று உள்ளே போயிருக்கிறது. அந்தக் கணக்கும் வளர்ந்த நாய்க்கு உரியது. குளிரும் பசியும் சேர்ந்தால் குட்டி அதற்கு முன்பே போய்விடும்.

இப்போது நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. மது உள்ளே போன நாய் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடும், வாந்தி எடுக்கும், படுத்துக்கொள்ளும். படுத்த பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். உறங்கும் நாய் காதையாவது அசைக்கும். அசையாவிட்டால் கால் விரல்களுக்கு நடுவே இருக்கும் தோலைச் சற்று அழுத்திக் கிள்ளுங்கள். காலை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். சில்லென்றோ, வெளுத்தோ, நீலம் பாய்ந்தோ இருந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைந்தால் உடை மாற்றக்கூட நிற்காதீர்கள். நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். தொட்டால் சில்லிடும் நாய்க்குட்டி எந்தக் காரணத்தால் அப்படி ஆகியிருந்தாலும் அவசர நோயாளிதான்.

கிளம்பும்போது போர்வையில் சுற்றி, கழுத்து மடங்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரலில் தேனோ சர்க்கரைப் பாகோ தொட்டு ஈறில் மெல்லத் தடவலாம். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை இரண்டு முறை படியுங்கள். மனிதருக்குப் போதை தெளிய வைக்கும் நம் வீட்டு வைத்தியங்கள் ஒன்றுவிடாமல் நாய்க்கு ஆபத்தானவை. மயங்கிய வாயில் ஊற்றும் மோரும் எலுமிச்சைச் சாறும் நுரையீரலுக்குள் போகும். கடுங்காப்பியில் இருக்கும் காஃபின் நாய்க்கு இன்னொரு நஞ்சு. தலையில் தண்ணீர் ஊற்றினால் இருக்கும் சூடும் போய்விடும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் உப்பே நஞ்சாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் ஒரு பொமரேனியனைத் தூக்கி வந்தார்கள். வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் என்று பாலில் ரம் கலந்து கொடுத்திருந்தார்கள். ‘இந்த வருஷம்தான் நிம்மதியாகத் தூங்கியது என்று சந்தோஷப்பட்டோம்’ என்றார் அந்த வீட்டு அம்மா. உடல் சூடு 94 டிகிரி. இரவில் எடுத்த வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. சூடேற்றி, குளுக்கோஸ் ஏற்றி, ஆக்சிஜன் வைத்தோம். நினைவு திரும்பியது, வாலைக்கூட ஆட்டியது. மூன்றாம் நாள் நிமோனியாவில் போய்விட்டது. மதுவுக்கு மாற்று மருந்து கிடையாது. உடல் அதை எரித்துத் தீர்க்கும்வரை நாயை உயிரோடு வைத்திருப்பதுதான் எங்கள் சிகிச்சை. இரவே கொண்டுவந்திருந்தால் அந்த நாய்க்கு அது போதுமாக இருந்திருக்கும். வெடிக்குப் பயப்படும் நாய்களுக்கு மருந்து இருக்கிறது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே வந்து கேளுங்கள். வலிப்புக்கோ பயத்துக்கோ ஏற்கனவே மாத்திரை சாப்பிடும் நாய்க்கு மதுவும் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே மூச்சை அமுக்கும்.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், முடிந்தால் பாட்டிலையும் எடுத்து வாருங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். நாங்கள் தலையில் அடிபட்டதா, எலி மருந்தா, வலிப்பா என்று தேடித் தேடி நேரத்தை இழக்கிறோம்.

மற்ற கேள்விகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு முறை உள்ளே போன மதுவால் கல்லீரல் கெட்டுவிடாது. குட்டி ஓடுகிறது, தின்கிறது, கூப்பிட்டால் வருகிறது என்றால் மூளையைப் பற்றிய கவலையை இன்றோடு விடுங்கள். ஒரு முறை குடித்ததால் குடி பழகாது. வெறிநோய் வைரஸால் வருவது, பிராந்தியால் வராது. அதற்கான தடுப்பூசியை மூன்று மாதம் நிறைந்ததும் போட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பியின் லாப்ரடார் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்றால் அது பெரிய நாய் என்பதுதான் காரணம். தரையில் சிந்திய பீரை இரண்டு முறை நக்கினால் முப்பது கிலோ நாய்க்கு ஒன்றும் ஆகாது. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது வேறு. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் முழுவதும் உள்ளே போனால் அதுவும் தள்ளாடும், வாந்தி எடுக்கும். அதற்குப் போதையில் இன்பமில்லை, தன் கால் ஏன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று அதற்குப் புரியாது. கூடவே கோழி எலும்பும் வெங்காயமும் போடுவார்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தம்பியிடம் நிறுத்தச் சொல்லுங்கள். நாய்க்குக் குடிக்கக் கொடுத்துப் படம் பிடித்துச் சிரிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை. விலங்குக்குத் தீங்கு செய்யும் பொருளைத் தெரிந்தே கொடுப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றம்.

அந்த வோட்கா வீடியோ. காரில் ஊற்றும் கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இருக்கும். இனிப்பாக இருப்பதால் நாய்கள் குடித்துவிடும். உடல் அதைச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சாக மாற்றும். அப்படி மாற்றும் நொதிக்கு ஆல்கஹாலைக் கொடுத்தால் அது ஆல்கஹாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், கூலன்ட் மாறாமல் சிறுநீரில் போய்விடும். வேறு மருந்து கையில் இல்லாதபோது, ரத்தப் பரிசோதனையோடு, மணிக்கணக்கில் அளந்து ஏற்றும் சிகிச்சை அது. அதில் அரை நிமிடத்தை வெட்டி எடுத்துப் போட்டு, சளிக்கு வோட்கா நல்லது என்று நம்ப வைக்கிறார்கள். நோய் வந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், செல்போனைத் தூக்காதீர்கள்.

பாட்டிலைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உண்ணி எடுக்க உடம்பெல்லாம் ஸ்பிரிட் துடைக்கிறார்கள். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். அதில் இருப்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றால் பிராந்தியில் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு நச்சு. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவைத் தின்றால் வயிற்றுக்குள்ளேயே பொங்கி, அங்கேயே ஆல்கஹாலும் உண்டாகும். ரம் கேக்கில் ரம்மைவிட உலர் திராட்சைக்கு நான் அதிகம் பயப்படுகிறேன். சில நாய்களுக்குக் கொஞ்சம் திராட்சையே சிறுநீரகத்தை நிறுத்திவிடும், அது வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகும்.

இனி உங்கள் குட்டியின் தும்மல். பிராந்தியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதிய நீங்கள், அது நின்றுவிட்டதா என்று எழுதவில்லை. இரண்டு மாதக் குட்டிக்குத் தும்மல், நடுக்கம் என்றால் எனக்கு முதலில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நினைவுக்கு வருகிறது, குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடியது. மூக்கிலும் கண்ணிலும் கெட்டியான சளி வடிகிறதா, தீனியைக் குறைத்துவிட்டதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். கடிதத்தில் ஊசி பற்றி ஒரு சொல்லும் இல்லை. சளியோ காய்ச்சலோ இருந்தால் நாளைக்கே காட்டுங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சளி இருக்கும்போது ஊசி போடலாமா என்பதை அங்கே பார்த்து முடிவு செய்வார்கள்.

உங்கள் அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். அக்கறை இல்லாதவர் நடுராத்திரியில் எழுந்து வெந்நீர் வைக்க மாட்டார். அதே வெந்நீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, நன்றாக மூடி, துண்டில் சுற்றிக் குட்டியின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டிக்குள் சாக்கும் பழைய கம்பளியும் விரித்து, சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் விட்டுத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். படுக்கும் முன் வெதுவெதுப்பான கஞ்சியோ சோறோ கொஞ்சம் கொடுங்கள். இரவில் ஒரு முறை எழுந்து பார்க்கும் வேலையையும் அவரிடமே விடுங்கள், காதைத் தொட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு.